கச்சான் முதுகில் அடிக்கும்போது

மட்டக்களப்பில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கல்லடிப் பாலத்தின் முதுகுதான் நகரத்துச் சைக்கிள்காரருக்கு வாய்த்த மலை. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையால் களுவாஞ்சிகுடி வரை போய் வந்தாலும் சரி, மண்முனைப் பாலத்தைக் கடந்து மேற்கே படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் சுற்றினாலும் சரி, தரை தட்டையாகவே கிடக்கிறது. ஆனால் ஞாயிறு காலையில் ரோட் பைக்கோடு கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொள்ளும் மந்திரம் மலைநாட்டுக்குரியது: "வலிச்சாலும் விடாத, மிதி." ஏற்றத்தில் அதற்குப் பொருள் உண்டு. தொடை எரியும், மூச்சு முட்டும், இறக்கம் வந்தால் ஆறிவிடும். நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கு அந்த எரிச்சலால் கேடில்லை. சமதரையில் வரும் தொல்லைகள் வேறு இனம்: வெப்பம், மரத்துப்போதல், ஒரே இடத்தில் குத்தும் மூட்டுவலி. இவற்றைத் தாங்குவதால் உடம்பு பலப்படுவதில்லை.

வெப்பத்தை முதலில் எடுப்போம். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது சூடேறிக் காய்ந்து வருகிறது. அதுதான் நம் கச்சான். அந்தக் காற்றில் வியர்வை தோலில் தங்குவதற்குள் உலர்ந்துவிடும். சட்டை நனையாததால் அவ்வளவாக வியர்க்கவில்லை என்று நினைக்கிறோம். வெயிலில் ஊன்றி மிதிப்பவர் மணிக்கு ஒரு லீற்றருக்கு மேல் இழப்பது சாதாரணம். தசை எரிக்கும் சக்தியில் ஏறத்தாழ கால்பங்குதான் மிதிகட்டைக்குப் போய்ச் சேர்கிறது. மிச்சமெல்லாம் வெப்பம், அது எப்படியாவது வெளியேறியாக வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கரடியனாற்றிலிருந்து செங்கலடிக்குப் பதுளை வீதியால் திரும்பும்போது கச்சான் முதுகில் தள்ளும். காற்று மணிக்கு 20 கிலோமீற்றர், நீங்கள் 30 என்றால் உடம்பில் படுவது 10 கிலோமீற்றர் காற்று மட்டுமே. போகும்போது எதிர்க்காற்றில் 18இல் திணறியவருக்கு 38 கிலோமீற்றர் காற்று விசிறியது. ஆக, மகிழ்ச்சியாகப் பறந்து வரும் பாதியில்தான் உடம்பு ஆற வழியில்லாமல் வேகிறது.

உட்புற வெப்பநிலை 40 பாகை செல்சியஸைத் தாண்டி, கூடவே புத்தியும் தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. நிற்பதா, போவதா என்று முடிவெடுக்க வேண்டிய மூளையே கலங்கிவிடுவதால் அவருடைய "எனக்கு ஒன்றுமில்லை" என்ற பேச்சுக்கு மதிப்பில்லை. வெயிலில் மயிர்க்கூச்செறிதல், பேச்சுக் குழறல், வண்டி நேர்கோட்டில் போகாமை, காரணமற்ற எரிச்சல்: இவற்றைப் பார்க்க வேண்டியவர் பின்னால் வருகிறவர்.

1967 யூலை 13இல் பிரான்ஸ் சுற்றுப்போட்டியின்போது, மோன் வான்டூ மலையின் கொதிக்கும் வெயிலில் பிரித்தானிய வீரர் டொம் சிம்சன் விழுந்து இறந்தார். வயது 29. அவர் உடலில் அம்ஃபெற்றமினும் மதுவும் இருந்தன. நிறுத்து என்று சொல்லும் உணர்வை மருந்தால் அடக்கிவிட்டு ஏறியிருந்தார். புறப்படும் முன்பே வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் அதே தர்க்கத்தின் சிறிய வடிவம். நீர் வற்றிய உடம்பில் இபுபுரோபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தையும் நெருக்கும்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2024 மார்ச்சில் நமக்குத் தெற்கே திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் பங்கேற்ற 16 வயது மாணவர் ஒருவர் சுகவீனமுற்று இறந்தார். அது நாட்டின் பல பகுதிகளுக்கு வெப்ப எச்சரிக்கைகள் வந்துகொண்டிருந்த பருவம். சிம்சன் தொழில்முறை வீரர், அந்தப் பிள்ளைக்குப் பாடசாலைப் போட்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மிதிப்பவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

மரத்துப்போவதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, குறிப்பாக ஆண்கள். மலையில் ஓடுபவர் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கிறார். நம் தட்டை வீதியில் இரண்டு மணி நேரம் ஆசனத்தை விட்டு எழ ஒரு தேவையும் வருவதில்லை. இடுப்படி நரம்பும் இரத்தக்குழாயும் எலும்புக்கும் ஆசன மூக்குக்கும் இடையே நசிந்தபடி இருக்கும். நோர்வேயில் 540 கிலோமீற்றர் சைக்கிள் ஓடிய 160 ஆண்களிடம் விசாரித்த ஆய்வு 1997இல் வெளியானது. 35 பேருக்கு அந்தரங்கப் பகுதி நரம்புத் தொல்லை, 21 பேருக்கு ஆண்மைக் குறைவு. சிலருக்கு அது ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தது. கையும் தப்பவில்லை. 600 கிலோமீற்றர் சைக்கிள் ஓடிய 25 பேரை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது 23 பேருக்குக் கை மரப்போ பலவீனமோ கண்டது. மரப்பு வந்தால் இறங்கி நடங்கள். அடுத்த முறையும் வந்தால் ஆசனத்தையும் கைப்பிடியையும் மாற்றுங்கள், மன உறுதியை அல்ல.

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் ஆசனம் தாழ்ந்திருக்கிறது, பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கிறது. நெஞ்சு அழுத்தமோ தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலியோ வந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, அங்கேயே நிறுத்துங்கள்.

குடிப்பதில் ஒரு குறிப்பு. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். வியர்வையில் போவதோ முக்கியமாகச் சோடியம். நீண்ட ஓட்டத்தில் உப்பும் வேண்டும், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புப் பொட்டலம் மலிவு. வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. 2002 பொஸ்டன் மரதனில் பரிசோதித்த 488 பேரில் 13 வீதத்தினருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது.

கூட வந்தவர் தடுமாறி விழுந்தால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அது வரும்வரை சும்மா காத்திருக்காதீர்கள். நிழலுக்கு இழுத்து, தலைக்கவசத்தையும் காலணியையும் கழற்றி, அருகிலுள்ள வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக உடம்பு முழுக்க ஊற்றி விசிறுங்கள். உயிரைக் காப்பது முதல் அரைமணி நேரக் குளிர்ச்சி. நினைவு தெளியாதவரின் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.