தட்சிண சித்ரா

தட்சிண சித்ரா என்பது சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகம் ஆகும். டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன் இதை 1996-இல் திறந்தது.

தென்மாநிலங்களில் இடிபடும் நிலையில் இருந்த பழைய வீடுகள் சில, தூண், கதவு, உத்தரம் எனப் பிரித்துக் கொண்டுவரப்பட்டு இங்கு மீண்டும் எழுப்பப்பட்டன. கேரளத்தின் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறித்தவர் வீடு 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அரண்மனைகள் எளிதில் அழிவதில்லை; சாதாரணக் குடும்பங்களின் வீடுகள் அழிந்தால் அவர்கள் வாழ்ந்த முறையும் மறைந்துவிடும்.

காஞ்சிபுரம் நெசவாளர் வீட்டுக்குள்ளேயே தறி இருக்கும், வீடே தொழிற்கூடம். அவ்வட்டாரத்தின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குப் பெற்றோர் பேருந்தில் வேலைக்குச் செல்வதைக் காணும் பிள்ளைகளுக்கு இந்த மாற்றம் எளிதில் விளங்கும். குழந்தைகள் இங்கு மண்பாண்டம் வனைந்தும் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை.