சம்மதம் சொல்லும் ஓம்

‘ஓம்’ என்றதும் தியானம்தான் நினைவுக்கு வரும். வேள்விச் சாலையிலோ அது பாட்டின் எடுப்பு. சாமவேதப் பாடகர்கள் உத்கீதம் என்ற பகுதியை ஓம் என்றுதான் தொடங்குவார்கள். சாந்தோக்ய உபநிடதம் இன்னொன்றும் சொல்கிறது: இது சம்மதம் தெரிவிக்கும் எழுத்து, எதற்காவது இசைபவர் ஓம் என்பார். யாழ்ப்பாணத்தில் இன்றும் ‘சாப்பிட்டாச்சோ?’ என்று கேட்டால் ‘ஓம்’ என்றே பதில் வரும். இரண்டுக்கும் உறவு உண்டா என்பது வேறு விவாதம்!

ஓம் என்பதைத் தத்துவமாக விரித்தது மாண்டூக்ய உபநிடதம். மொத்தமே 12 மந்திரங்கள். அதன்படி ஓமில் உள்ள அகரம் விழிப்பு, உகரம் கனவு, மகரம் ஆழ்ந்த உறக்கம். ம் என்று உதடு மூடியபின் எஞ்சும், மாத்திரைக்குள் அடங்காத நான்காவது நிலைக்குத் துரீயம் என்று பெயர். அதுவே ஆன்மா என்கிறது அந்த உபநிடதம்.