வாழ்வோர் வரலாற்றுப் பதிவில் நடுநிலை: சர்ச்சைக்குரிய அரசியல் கருத்துரையாளர் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரையைத் தொகுத்தல்

ஆய்வுச் சுருக்கம்

யாவரும் தொகுக்கத்தக்க இணையக் கலைக்களஞ்சியத்தில், வாழும் மனிதர் பற்றிய கட்டுரைகள் தனி விதிகளுக்கு உட்பட்டவை. ஆங்கில விக்கிப்பீடியாவின் விதிகளை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்க வானொலிக் கருத்துரையாளர் ரஷ் லிம்பா (1951–2021) தொடர்பான செய்திகளைச் சான்றாக வைத்து, சர்ச்சைக்குரியவர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பில் எது இடம்பெறும், எது நீக்கப்படும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நடுநிலை என்பது கண்டனத்தை மறைப்பதன்று. ஒவ்வொரு கூற்றையும் அதற்கு உரியவரிடம் சேர்ப்பதே என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கலைக்களஞ்சியம், விக்கிப்பீடியா, நடுநிலை, மெய்யறிதன்மை, வாழ்க்கை வரலாறு.

முன்னுரை

அறிவியலறிஞர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவோர் அவருடைய கண்டுபிடிப்புகளைத் தொகுத்தால் பெரும்பாலும் போதும். அரசியல் கருத்துரையாளரின் நிலை வேறு. அவர் பேசியவையே அவருடைய செயல்கள். அவற்றை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் உளர். அவ்விரு தரப்பினரும் அதே கட்டுரையைத் தொகுக்கவும் முடியும். எனவே, ஒரு சொல்லைச் சேர்ப்பதும் நீக்குவதும்கூட அரசியற் செயலாகப் பார்க்கப்படுகின்றன.

விதியின் தோற்றம்

2005 மே மாதத்தில், பெயர் வெளியிடாத ஒருவர் ஜான் சீகன்தாலர் என்னும் மூத்த இதழாளரைப் பற்றி விக்கிப்பீடியாவில் ஒரு பொய்க் கட்டுரையை உருவாக்கினார். கென்னடி சகோதரர்களின் கொலைகளில் அவருக்குத் தொடர்பு இருப்பதாக ஒருகாலத்தில் ஐயுறப்பட்டது என அதில் எழுதப்பட்டிருந்தது. உண்மையில் அவர் ராபர்ட் கென்னடியின் உதவியாளராகப் பணியாற்றியவர். அவருடைய இறுதி ஊர்வலத்தில் உடலைச் சுமந்தவர்களுள் ஒருவர். அப்பொய் நான்கு மாதங்களுக்கு மேல் திருத்தப்படாமல் இருந்தது. பிற இணையத்தளங்களிலும் படியெடுக்கப்பட்டது. 2005 நவம்பரில் சீகன்தாலர் இதனை நாளிதழில் எழுதி அம்பலப்படுத்தினார். அடுத்த மாதமே, பதிவு செய்யாதோர் புதுக் கட்டுரை தொடங்குவதை ஆங்கில விக்கிப்பீடியா நிறுத்தியது. வாழ்வோர் வரலாறு பற்றிய தனி விதியும் அக்காலத்தில் உருப்பெற்றது.

வாழும் மனிதரைப் பற்றிச் சான்றின்றி எழுதப்படும் சர்ச்சைக்குரிய செய்தியை, உரையாடலுக்குக் காத்திராமல் உடனே நீக்க வேண்டும் என்பதே அவ்விதியின் மையம். ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்திற்குள் மூன்று முறைக்கு மேல் மாற்றங்களை மீள்விக்கக் கூடாது என்பது பொதுவிதி; மேற்சொன்ன நீக்கத்திற்கு அதிலிருந்தும் விலக்கு உண்டு.

இரு கூற்றுகள்

இவ்விதியின் இன்றியமையாமையை லிம்பா தொடர்பான இரு கூற்றுகளை ஒப்பிட்டு உணரலாம்.

முதலாவது, 2003 செப்டம்பரில் விளையாட்டுத் தொலைக்காட்சி ஒன்றில் அவர் பேசியது. கறுப்பினத்தவர் ஒருவர் சிறந்து விளங்க வேண்டும் என்னும் ஊடகங்களின் விருப்பத்தால், அமெரிக்கக் கால்பந்து வீரர் டோனவன் மெக்நாப் தகுதிக்கு மீறிப் புகழப்படுகிறார் என்பது அவர் கருத்து. அது ஒளிபரப்பானது, பல நாளிதழ்களில் வெளிவந்தது, சில நாள்களில் அவர் அப்பொறுப்பிலிருந்து விலகினார்.

இரண்டாவது, அடிமைமுறையைப் போற்றி அவர் பேசியதாகப் பரவிய வாசகம். 2009 அக்டோபரில், செயின்ட் லூயிஸ் கால்பந்து அணியை வாங்க முயன்ற குழுவில் அவர் இடம்பெற்றிருந்தபோது, தொலைக்காட்சிகளில் இவ்வாசகம் எடுத்தாளப்பட்டது. அவர் மறுத்தார். நாள், நிகழ்ச்சி, ஒலிப்பதிவு எதுவும் காட்டப்படவில்லை. முன்னரே விக்கிமேற்கோள் பக்கத்திலும், மூலம் குறிப்பிடாத நூல் ஒன்றிலும் அது இருந்தது. அதனை எடுத்தாண்ட தொலைக்காட்சியாளர் சிலர் பின்னர் வருத்தம் தெரிவித்தனர். லிம்பா அக்குழுவிலிருந்து நீக்கப்பட்டார்.

முதற்கூற்றை அறிந்தோர் இரண்டாவதையும் எளிதில் நம்பினர். ‘இவர் இப்படிப் பேசக்கூடியவரே’ என்னும் முன்முடிவு சான்றின் இடத்தை எடுத்துக்கொண்டது. தொகுப்பாளர் காக்க வேண்டிய எல்லை இதுவே. முதற்கூற்று அவருக்கும் ஆதரவாளர்க்கும் கசப்பாயினும் கட்டுரையில் இருக்க வேண்டும். இரண்டாவது எதிர்ப்பாளர்க்கு எவ்வளவு ஏற்புடையதாயினும் அவர் கூற்றாக இடம்பெறலாகாது. போலி மேற்கோள் பரவிய நிகழ்வை மட்டும், உரிய சான்றுடன், நிகழ்வாகவே பதிவு செய்யலாம்.

மறுப்பும் பிறர் உரிமையும்

2012இல், கருத்தடைக் காப்பீடு குறித்துப் பேசிய சட்டக்கல்லூரி மாணவி ஒருவரை லிம்பா இழிசொல்லால் தாக்கினார். விளம்பரதாரர் பலர் விலகினர். அவர் மன்னிப்புக் கேட்டார். இந்நிகழ்வைக் குறிப்பிடுமிடத்து மன்னிப்பும் குறிப்பிடப்பட வேண்டும். அம்மாணவியும் வாழும் மனிதரே என்பதால், அதே விதி அவரையும் காக்கிறது. இழிசொல்லை விரித்துரைப்பது கட்டுரைத் தலைவரை அன்றி அவரையே மீண்டும் புண்படுத்தும்.

பாராட்டுக்கும் இவ்வளவையே பொருந்தும். 2020இல் அவருக்கு அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் விடுதலைப் பதக்கம் வழங்கப்பட்டது என்பது செய்தி. ‘ஒப்பற்ற தேசபக்தர்’ என்பது மதிப்பீடு. ‘வெறுப்பைப் பரப்பியவர்’ என்பதும் மதிப்பீடே. மதிப்பீட்டைச் சொன்னவர் பெயருடன் தர வேண்டும். கலைக்களஞ்சியத்தின் குரலில் தரலாகாது.

தமிழ்நடை நோக்கில்

இவ்விதிகளைத் தமிழில் பின்பற்றுவோர் ஒரு நடைக்கூற்றில் விழிப்பாயிருத்தல் வேண்டும். ‘கூறப்படுகிறது’, ‘கருதப்படுகிறார்’ எனும் செயப்பாட்டு வடிவங்கள் நம் உரைநடையில் இயல்பாக வருவன. அவை நடுநிலைத் தோற்றம் தருகின்றன. ஆயினும் வினைமுதலை மறைக்கின்றன. சீகன்தாலர் பற்றிய பொய்யும் ‘ஐயுறப்பட்டது’ என்னும் வடிவிலேயே எழுதப்பட்டது. ஐயுற்றவர் யார் என்று வினவியிருந்தால் அத்தொடர் ஒருநாளும் நின்றிராது. பெயர் சுட்டாது முன்னோர் கருத்தை எடுத்துரைத்தல் இலக்கண நூல்களுக்கு மரபாகலாம். அங்குப் பேசப்படுவது புலவரின் பொதுவுடன்பாடு. தனிமனிதர் மீதான குற்றச்சாட்டில் அம்மரபு செல்லாது.

முடிவுரை

சர்ச்சைக்குரியவரின் வரலாற்றை எழுதுவோர் ஒவ்வொரு தொடரிடமும் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும்: இதைச் சொன்னவர் யார்? எங்கே பதிவாகியுள்ளது? எதிர்த்தரப்பின் விடை யாது? விடையுள்ள தொடர் எவருக்குக் கசப்பாயினும் நிற்கும். விடையில்லாதது எவருக்கு இனிப்பாயினும் நீங்கும். நாம் விரும்பாத ஒருவரின் கட்டுரையிலும் இவ்வளவையைத் தளர்த்தாதிருப்பதே தொகுப்பாளரின் நடுநிலைக்குச் சான்றாகும்.