பயிர் வைத்தவருக்கே நிலம் சொந்தமா? தஞ்சை ராணிகள் கோர்ட்டுக்குப் போன கதை!

"நான்தானே சேத்துல இறங்கிப் பாடுபட்டேன்? மெட்ராஸ்ல ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவன் இப்ப பங்கு கேட்டு வர்றானே!"

தஞ்சை கோர்ட்டுப் பக்கம் டீக்கடையில் பத்து நிமிஷம் நின்றால் இந்த மாதிரிப் பேச்சு காதில் விழாமல் போகாது. திருவையாறு, பாபநாசம், ஒரத்தநாடு என்று எந்த ஊர் பஸ்ஸில் வந்து இறங்கியவராக இருந்தாலும் மஞ்சள் பைக்குள் இருப்பது ஒரே சமாசாரம்தான். அப்பா காலமானதும் கூட்டுப் பட்டாவாக மாறிய நிலம். பட்டாவில் நாலு பேர் பெயர். குறுவையும் தாளடியும் வைத்து அறுப்பவர் ஒரே ஒருவர்.

இது இன்று நேற்று வந்த தகராறு அல்ல. இதே ஊர் அரண்மனைக்குள்ளேயே நடந்திருக்கிறது. அதுவும் ராணிகளுக்குள்!

அரண்மனைக்கு சீல்

தஞ்சையை ஆண்ட கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி. சரபோஜியின் மகன். 1855-ம் ஆண்டு காலமானார். ஆண் வாரிசு இல்லை. ராணிகளோ பத்துப் பேருக்கும் மேல்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இது போதாதா? மறு ஆண்டே சிப்பாய்களோடு வந்து அரண்மனையைக் கைப்பற்றி சீல் வைத்தார்கள். ராஜ்யம் போனது மட்டும் அல்ல. மன்னரின் சொந்த நிலம், நகை, வீடு, புத்தகம் எல்லாம் போயிற்று.

மூத்த ராணி காமாட்சி பாய் சும்மா இருக்கவில்லை. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் (அப்போது அதற்கு அதுதான் பெயர்) கம்பெனி மேலேயே வழக்குப் போட்டார். ராணிக்காக நின்றவர் பிரபல வக்கீல் ஜான் புரூஸ் நார்ட்டன். சென்னையில் ராணிக்கு வெற்றி! கம்பெனி லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் போயிற்று. "இது ராஜாங்க நடவடிக்கை, நியாயமோ அநியாயமோ, கோர்ட்டு தலையிட முடியாது" என்று 1859-ல் அங்கே தீர்ப்பாகி விட்டது.

வழக்கு தோற்றது. ஆனால் சொத்து திரும்பி வந்தது. மன்னரின் சொந்தச் சொத்துக்களை ராணிகளிடமே கொடுத்துவிட 1862-ல் சர்க்கார் உத்தரவு போட்டது. நிர்வாகம் மூத்த ராணியிடம். மற்ற ராணிகளுக்கும் தக்கபடி அனுபவம் தர வேண்டியது அவர் கடமை. கடைசி ராணியும் போன பிறகு மன்னரின் மகளுக்கு. இதுதான் உத்தரவு.

வெளியார் சண்டை முடிந்தது. வீட்டுச் சண்டை ஆரம்பித்தது.

"மூத்தவர்" என்றால் முதலாளியா?

சாவி மூத்தவர் கையில். வருமானமும் அவர் வழியாகத்தான் வரவேண்டும். இளைய ராணிகளுக்கு எப்படி இருந்திருக்கும்? மூத்த அண்ணன் கணக்கே காட்டாமல் வருஷத்துக்கு நாலு மூட்டை நெல்லை அனுப்பிவிட்டு, "இதுதான் உன் பங்கு" என்று சொன்னால் தம்பிக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான்.

இளைய ராணிகள் தரப்பில் வழக்கு வந்தது. ஜிஜோயம்பா பாய் எதிர் காமாட்சி பாய். 1868-ல் சென்னை ஐகோர்ட்டில் தீர்ப்பு. வக்கீல்கள் பல காலம் எடுத்துக் காட்டிய தீர்ப்பு இது.

ராணிகள் அத்தனை பேரும் சேர்ந்துதான் வாரிசு. எல்லோருக்கும் சமமான அனுபவ உரிமை உண்டு. ஒருவர் காலமானால் அவர் உரிமை மிச்சமுள்ள ராணிகளைச் சேரும். நிர்வாகம் மூத்தவர் கையில் இருக்கலாம். அதனால் சொத்து அவருடையது ஆகிவிடாது. ஆனால் நிரந்தரமாக வெட்டிப் பிரித்து "இது என் துண்டு" என்று யாரும் கொண்டு போகவும் முடியாது.

பிறகாவது நிம்மதி வந்ததா? இல்லை. கடைசி ராணியும் மறைந்த பிறகு அடுத்த தலைமுறை கோர்ட்டுக்குப் போயிற்று. கோலாப்பூர் மகாராஜா வரை அதில் கட்சிக்காரர். 1924-ல் ஐகோர்ட்டு அதில் தீர்ப்புச் சொன்னது. சிவாஜி மன்னர் மறைந்து அப்போது 69 வருஷம்!

இத்தனை அமளிக்கு நடுவே ஒரு நல்ல காரியமும் நடந்தது. சரஸ்வதி மகால் சுவடிகளைப் பங்கு போடாமல், ஒரு லட்சம் ரூபாயும் சேர்த்துப் பொதுவுக்கு விட்டார்கள். 1918-ல் அது பொது நூலகமானது. அதைக்கூட ஆளுக்கு ஒரு கட்டாகப் பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பகீர் என்கிறது.

இன்று என்ன சட்டம்?

ராணிகளுக்கு இல்லாத வசதி இன்று நமக்கு உண்டு. 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு விதவைக்கு வருவது ஆயுள் உரிமை அல்ல, முழுச் சொந்தம். உயில் எழுதாமல் அப்பா காலமானால் அவருடைய சொத்தில் மனைவி, மகன், மகள், அவருடைய தாயார் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. யார் வேண்டுமானாலும் பாகம் கேட்கலாம்.

"பன்னிரண்டு வருஷமா நான்தான் உழறேன், கிஸ்தியும் நான்தான் கட்டறேன்" என்கிற வாதம்? பங்காளிகளுக்குள் அது மட்டும் செல்லாது. ஒரு பங்காளி வசம் நிலம் இருந்தால் அவர் எல்லோருக்காகவும் வைத்திருப்பதாகத்தான் சட்டம் பார்க்கும். "உனக்கு இங்கே உரிமையே கிடையாது" என்று மற்றவருக்குத் தெரியும்படி மறுத்து, அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருஷம் கடந்திருக்க வேண்டும். சுப்ரீம் கோர்ட்டு 1956-லேயே சொன்னது இது. நாலு பெயர் உள்ள கூட்டுப் பட்டாவை வைத்துக்கொண்டு இதை நிரூபிப்பது லேசான காரியம் அல்ல. மாறாக, ஒதுக்கப்பட்டவர் மகசூல் கணக்கையே கேட்கலாம்.

அக்கா தங்கை விஷயம் இன்னும் சூடு. "கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே, அப்புறம் என்ன பங்கு?" என்பார்கள். போட்ட நகை பங்குக்கு ஈடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போல் உரிமை என்று 1989 மார்ச் 25 முதலே செல்லும்படி தமிழ்நாடு சட்டம் கொண்டு வந்தது. அதற்கு முன் கல்யாணமான பெண்கள் விட்டுப் போனார்கள். 2005-ல் வந்த மத்திய சட்டத்தில் அந்த வித்தியாசம் இல்லை. அந்தச் சட்டம் வரும்போது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்துச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரத்திலோ கோர்ட்டு டிக்ரியிலோ பாகம் முடிந்திருந்தால் மட்டும் அதைக் கிளற முடியாது.

ஆகவே தங்கையைச் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு அழைத்துப் போய் "சும்மா ஒரு கையெழுத்துதாம்மா" என்று சொன்னால், அது பெரும்பாலும் விடுதலைப் பத்திரமாகத்தான் இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால் பங்கு போச்சு. படித்துப் பார்த்துப் போடுங்கள்!

சரி, ஒரு பங்காளி கோபத்தில் தன் பிரிக்காத பங்கை வெளியாளுக்கு விற்றால்? வீடாக இருந்தால், வாங்கியவர் பெட்டி படுக்கையோடு நடுக்கூடத்தில் வந்து உட்கார முடியாது. பாகம் கேட்டு வழக்குத்தான் போடலாம். வாரிசாக வந்த சொத்து என்றால் விற்கும் முன்பே மற்ற வாரிசுகளுக்கு "எங்களுக்கே கொடு" என்று கேட்க முன்னுரிமை உண்டு. விலை படியாவிட்டால் கோர்ட்டே விலை நிர்ணயிக்கும். இது வீட்டுக்குத்தான், வயலுக்கு இல்லை என்று ரொம்ப நாள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். வயலுக்கும் உண்டு என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.