சிறைத் தண்டனையோடு முடிந்துவிடுவதில்லை நீதி!



கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி நகரின் பெயரைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவது பட்டுச் சேலை. நம் வீட்டுத் திருமணங்களில் மணமகளின் தோளில் மின்னும் ஜரிகையைக் கண்டு மகிழ்கிறோம். அந்தச் சேலைக்குப் பின்னால் எத்தனை பெண்களின் உழைப்பு இருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நூல் இழைக்கும் பெண்கள், தார் சுற்றும் பெண்கள், தறிக்குழியில் அமர்ந்து நெய்யும் பெண்கள் என அவர்கள் பல வகையினர். அவர்களுள் பலர் தம் வீட்டிலும், சிலர் அடுத்தவர் தறிக்கூடத்திலும் பணி செய்கின்றனர்.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். ஆறு தறிகள் கொண்ட ஒரு கூடம். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி அங்கே வேலைக்குச் செல்கிறாள். அவளுடைய தந்தை முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். ஒரு நாள் அந்தக் கூடத்தில் அவளுக்குப் பாலியல் கொடுமை நேர்கிறது. வீடு திரும்பிய மகள் தாயின் மடியில் முகம் புதைத்து அழுகிறாள். தாய்க்கு முதலில் தோன்றுவது என்ன? “வெளியே சொல்லாதே, நாளை உனக்கு வரன் அமையாது” என்பதுதான். அதையும் மீறித் துணிவு பெற்றவர்கள் காவல் நிலையத்தை நாடுகின்றனர். வாய் மூடியிருப்பது, காவல் நிலையம் செல்வது ஆகிய இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒரு வழி உண்டு என்பதை நம்மில் பலர் அறியோம். அதுவே உரிமையியல் சட்டத்தின் வழி.

குற்றவியல் வழக்கு, தவறு செய்தவனைத் தண்டிக்கிறது. உரிமையியல் வழியோ பாதிக்கப்பட்டவளின் வாழ்வைப் பார்க்கிறது. அவளுடைய மருத்துவச் செலவு, இழந்த கூலி, தங்குவதற்கு இடம், அச்சமின்றி நடமாடும் உரிமை ஆகியவற்றை யார் ஈடு செய்வது என்று கேட்கிறது. இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்றை இழக்க வேண்டும் என்பதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடைபெறலாம்.

வாச்சாத்தி தந்த பாடம்

நம் தமிழகத்திலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்திலுள்ள வாச்சாத்தி என்னும் மலையடிவாரச் சிற்றூரில், 1992ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், சந்தனக் கட்டை தேடுவதாகக் கூறிக்கொண்டு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன. பழங்குடிப் பெண்கள் 18 பேர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியபோது, அவர்களுள் 54 பேர் இறந்துபோயிருந்தனர். உயிருடன் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று.

மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் நீதிபதி பி. வேல்முருகன் தண்டனைகளை உறுதி செய்தார். அதோடு நிறுத்தவில்லை. வன்கொடுமைக்கு ஆளான பெண்கள் ஒவ்வொருவருக்கும் அரசு 10 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்றும், அதில் பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டார். வேலைவாய்ப்போ சுயதொழிலோ அமைத்துத் தரவும் பணித்தார். 31 ஆண்டுகள் கடந்த பிறகேனும், “தண்டனை மட்டும் போதாது, இழப்பை ஈடு செய்தாக வேண்டும்” என்ற கொள்கை அங்கே நிலைநாட்டப்பட்டது. அதற்குள் அப்பெண்களுள் சிலர் மறைந்துவிட்டனர் என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

அவ்வளவு காலம் காத்திருக்கத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. வழக்கு நடக்கும்போதே இடைக்கால உதவி வழங்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டின் இறுதியில் போதிசத்துவ கௌதம் வழக்கில் தெளிவுபடுத்தியது. பாலியல் வன்கொடுமை என்பது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு வழங்கும் வாழ்வுரிமையையே மீறுவதாகும் எனக் கூறி, வழக்கு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் வழங்குமாறு அந்நீதிமன்றம் ஆணையிட்டது.

மற்றொரு வழக்கு நம் உள்ளத்தைத் தொடுவது. அஜ்மீர் செல்வதற்காக 1998ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹௌரா இரயில் நிலையத்தில் காத்திருந்த வங்கதேசப் பெண்மணி ஒருவரை, இரயில்வே ஊழியர்கள் வஞ்சகமாக அழைத்துச் சென்று சீரழித்தனர். அவருக்காகக் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்தவர் சந்திரிமா தாஸ் என்னும் பெண் வழக்கறிஞர். உயர் நீதிமன்றம் 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. இரயில்வே நிர்வாகம் மேல்முறையீடு செய்தது. “அந்நிய நாட்டவரானாலும் அவருக்கும் வாழ்வுரிமை உண்டு” என்னும் கருத்தை நிலைநாட்டி, 2000ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை உறுதி செய்தது. வேற்று நாட்டுப் பெண்ணுக்கே இந்த உரிமை உண்டெனில், ஆரணியின் மகளுக்கு இல்லாமற் போகுமா?

தறிக்கூடமும் பணியிடமே

“எங்களுடையது தொழிற்சாலை அல்லவே, ஆறு தறிதானே” என்று சிலர் கூறலாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013ஆம் ஆண்டு வந்தது. பத்துப் பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் இடங்களையும் அது உள்ளடக்கும். வீடே பணியிடமாக இருந்தாலும் அது பணியிடமே. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள நிறுவனத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த இடங்களுக்கும், முதலாளி மீதே புகார் என்னும் நிலைக்கும், மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்பது சட்டம். வட்டத்திலும் நகராட்சியிலும் நியமிக்கப்படும் பொறுப்பு அலுவலர் புகாரைப் பெற்று ஏழு நாட்களுக்குள் அக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். எனவே, திருவண்ணாமலைக்கு அலைந்துதான் தீர வேண்டும் என்பதில்லை.

புகாரை நிகழ்ச்சி நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். தக்க காரணம் இருப்பின் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுதித் தருவதும் குழுவின் கடமை. விசாரணைக் காலத்தில் மூன்று மாதம் வரை விடுப்புப் பெறலாம். குற்றம் மெய்ப்பட்டால் இழப்பீடு கிடைக்கும். மன வேதனை, வேலை இழப்பு, மருத்துவச் செலவு, எதிர்த்தரப்பின் வருமானம் ஆகியவற்றைக் கணக்கிட்டு அத்தொகை நிர்ணயிக்கப்படும். கொடுக்க மறுப்பவரிடம் நில வரி பாக்கியைப் போல வசூலிக்கலாம். புகாரை மெய்ப்பிக்க இயலவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்றும் சட்டம் வெளிப்படையாகக் கூறுகிறது. சமரசத்தை அப்பெண்ணே கோரினாலன்றிப் பேசக் கூடாது. அப்போதும் பணம் சமரசத்தின் அடிப்படையாக இருக்கக் கூடாது.

வீட்டிற்குள் நேரும் கொடுமை

சொல்லவே நாக் கூசும் உண்மை ஒன்று உண்டு. கொடுமை வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. உறவினன், ஒரே கூரையின் கீழ் வாழ்பவன், சில நேரங்களில் கணவனே அதைச் செய்கிறான். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறையிலிருந்து பெண்கள் பாதுகாப்புச் சட்டம், பாலியல் கொடுமையையும் குடும்ப வன்முறை என்றே வகுத்திருக்கிறது. மனைவிக்கு மட்டுமன்றி மகள், சகோதரி, தாய் என அவ்வீட்டில் வாழும் பெண்கள் யாவருக்கும் அது பொருந்தும். எச்சமயத்தவராயினும் வேறுபாடில்லை. வயது வந்த மனைவியிடம் கணவன் நடத்தும் வன்புணர்வைக் குற்றவியல் சட்டம் இன்னும் வன்கொடுமைக் குற்றமாகக் கொள்ளவில்லை. ஆயினும் இந்தச் சட்டத்தின் கீழ் அம்மனைவி நிவாரணம் கோரலாம். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தின்படி, கொடுமையைக் காரணமாகக் காட்டி மணவிலக்கும் கோரலாம்.

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் அவளே மனுச் செய்யலாம்; பாதுகாப்பு அலுவலர் வழியாகவும் செய்யலாம். கொடுமை செய்பவன் அருகே வரக் கூடாதென்னும் பாதுகாப்பு ஆணை, வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாதென்னும் வசிப்பிட ஆணை, செலவுத் தொகை, குழந்தையின் பொறுப்பு, மன வேதனைக்கு இழப்பீடு ஆகிய அனைத்தையும் ஒரே மனுவில் கேட்கலாம். முதல் விசாரணை வழக்கமாக மூன்று நாட்களுக்குள் அமைய வேண்டும். அறுபது நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு.

அரசு தரும் இழப்பீடு

குற்றவாளி பிடிபடவில்லை, அல்லது அவனிடம் பணமில்லை என்றால் என்ன செய்வது? அந்நிலையில் அரசே இழப்பீடு வழங்கும் திட்டம் உள்ளது. 2018ஆம் ஆண்டு தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் வகுத்த திட்டத்தின்படி, பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 இலட்சம் வரை, கூட்டு வன்கொடுமைக்கு 5 முதல் 10 இலட்சம் வரை வழங்கலாம். பாதிக்கப்பட்டவள் சிறுமியாயின் இவ்வரம்பு பாதியளவு உயரும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இணைத்தல் நலம். தீர்ப்பு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இடைக்கால உதவியும் கேட்கலாம். சிறுவர்களுக்குப் ‘போக்சோ’ சட்டத்தின் சிறப்பு நீதிமன்றமே இடைக்கால இழப்பீட்டுக்கு ஆணையிடலாம்.

இவையன்றி, தீங்கு இழைத்தவன் மீது உரிமையியல் நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குத் தொடுக்கவும் வழி உண்டு. குற்றவியல் நீதிமன்றத்தில் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். உரிமையியல் நீதிமன்றத்திலோ எத்தரப்பு மெய்யாக இருக்கக் கூடும் என்பதையே எடை போடுவர். சாட்சியக் குறைவால் ஒருவன் குற்றவியல் வழக்கில் விடுதலை பெற்றாலும் இக்கதவு தானாக அடைபட்டுவிடுவதில்லை. ஆயினும் வழக்குத் தொடுக்கக் காலவரம்பு உண்டு. ஆகையால் விரைந்து வழக்கறிஞரை அணுகுங்கள். சிறுவயதில் பாதிக்கப்பட்டவருக்கு அக்காலக் கணக்கு 18 வயது நிறைந்த பின்னரே தொடங்கும்.

“வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் ஏது?” என்று கேட்பீர்கள். சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண்கள், குழந்தைகள் ஆகிய யாவருக்கும், வருமானம் எவ்வளவாயினும், இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. 15100 என்னும் எண்ணில் சட்ட உதவியையும், 181இல் பெண்களுக்கான உதவியையும், 1098இல் குழந்தைகளுக்கான உதவியையும் கேட்கலாம். தனியார் மருத்துவமனையாயினும் முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாக அளித்தே ஆக வேண்டும்.

பெரியோர்களுக்கு ஒரு வார்த்தை

மஹல்லா ஜமாஅத் பெரியோர்களே! கணவன் மனைவியின் மனத்தாங்கலைப் பேசித் தீர்ப்பது உங்கள் பெருந்தொண்டு. ஆனால் பாலியல் வன்கொடுமை பேசித் தீர்க்கும் பிணக்கன்று. அதில் சமரசத்துக்கு இடமில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2013ஆம் ஆண்டு உறுதிபடக் கூறியுள்ளது. முத்திரைத் தாளில் கையெழுத்து வாங்குவதும், செய்தவனுக்கே அப்பெண்ணை மணமுடிக்க முயல்வதும் நீதி ஆகா. பாதிக்கப்பட்டது 18 வயதுக்குட்பட்ட குழந்தையாயின், அறிந்தும் காவல் துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பதே போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது. உங்கள் கடமை, அக்குடும்பத்தைக் கையைப் பிடித்துச் சட்டப்பணிகள் அலுவலகம் வரை அழைத்துச் செல்வதாகும். அவர்களுடைய பெயரைத் தெருவில் உலவவிடாமல் காப்பதும் உங்கள் கடமையே. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படியே குற்றம்.

தாய்மார்களே! “கற்பழிக்கப்பட்டாள்” என்ற சொல்லை இனி நம் வீட்டில் புழங்க வேண்டாம். அவளிடமிருந்து எதுவும் அழிந்துபோகவில்லை. இழிவு முழுவதும் செய்தவனைச் சேர்ந்தது. இழப்பீட்டுத் தொகை அவளுடைய மானத்துக்கு விலையுமன்று. அது சமுதாயம் அவளுக்குப் பட்ட கடன்.

தறியில் ஓர் இழை அறுந்துவிட்டால், நெய்பவள் பாவு முழுவதையும் அறுத்தெறிவதில்லை. அறுந்த முனையைத் தேடிப் பிணைத்துவிட்டு மேலும் நெய்கிறாள். நம் மகளின் வாழ்வும் அவ்வாறே தொடர வேண்டும். அவள் உங்களிடம் வந்து வாய் திறக்கும் அந்த நாளில், நீங்கள் சொல்லும் முதல் சொல் “சொல்லாதே” என்பதா, “நான் இருக்கிறேன்” என்பதா? இன்றே எண்ணி முடிவு செய்துகொள்ளுங்கள்.