மீன்தொட்டியைத் தாங்குவது எது?

 

பள்ளிவாசல் ஹவுளின் படியில் அமர்ந்து, நீந்தும் மீன்களைப் பார்த்தவாறே உளூச் செய்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். கொசுப்புழுக்களைத் தின்று நீரைத் தூய்மையாக வைத்திருக்கும் என்பதற்காக நம் முன்னோர் அவற்றை விட்டு வைத்தனர். நமக்கோ, அவை சிறுவயதின் முதல் தோழர்கள். அந்த இன்பம் இன்று கண்ணாடித் தொட்டியாக நம் வீட்டுக் கூடங்களுக்கு வந்துவிட்டது. சென்னை கொளத்தூரின் வண்ணமீன் சந்தையிலிருந்து தென்கோடி ஊர்கள் வரை இத்தொழில் பரவியிருப்பது கண்கூடு.

இதில் மார்க்கத் தடை ஏதும் உண்டா எனச் சிலர் வினவுகின்றனர். அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் என்ற சிறுவர் ஒரு குருவியை வளர்த்தார். அது இறந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரிடம் அன்போடு அதைப் பற்றி விசாரித்து ஆறுதல் அளித்தார்கள். இந்நிகழ்ச்சியை ஆதாரமாகக் கொண்டு, உணவும் பராமரிப்பும் குறைவின்றி அளிப்பவர் சிற்றுயிர்களை வளர்ப்பது ஆகும் என்று அறிஞர்கள் கூறியுள்ளனர். ஆனால் பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் மடியச் செய்த பெண்ணின் கதியையும் அதே நபிமொழித் தொகுப்புகள்தாம் நமக்கு எச்சரிக்கின்றன. அடைத்து வைத்த உயிருக்கு நாமே பொறுப்பு. அந்தப் பொறுப்பு, மீனுக்கு இரை போடுவதற்கு முன்னரே, தொட்டியை எதன்மீது வைக்கிறோம் என்பதில் தொடங்குகிறது.

நண்பரின் கேள்வி

ராஜபாளையத்தில் புதுவீடு கட்டிய நண்பர் ஒருவர், வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவர், தம் கூடத்தில் ஆறடி நீளத் தொட்டி ஒன்றை வைக்க விரும்பினார். "ஹஜ்ரத், கம்பெனி ஸ்டாண்டு வாங்கலாமா, இங்கேயே பட்டறையில் செய்துகொள்ளலாமா?" என்று என்னிடம் கேட்டார். மதரஸாவில் ஓதிக் கொடுப்பவனிடம் கேட்கும் கேள்வியா இது என நீங்கள் நினைக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் உறவினர் வீட்டில் நடந்ததை அவர் அறிவார், அதனால்தான் கேட்டார்.

அந்த வீட்டில் இருந்தது மூன்றடித் தொட்டிதான். அதற்கென்றே விற்கப்பட்ட அழகிய அலமாரி ஸ்டாண்டு ஒன்றின்மேல் வைத்திருந்தார்கள். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையில் செய்து, மேலே மரம்போன்ற தாள் ஒட்டிய ஸ்டாண்டு அது. நம் வீடுகளில் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது வழக்கமல்லவா? ஈரம் அலமாரியின் அடிப்பலகையில் ஏறியது. முதலில் கதவு சரியாக மூடவில்லை. பிறகு ஓரங்கள் உப்பின. "கதவுதானே, ஆசாரியைக் கூப்பிட்டால் இழைத்துவிடுவார்" என்று விட்டுவிட்டார்கள். ஒருநாள் பஜ்ருக்கு முன் வெடிச்சத்தம் போல ஓர் ஓசை. எழுந்து விளக்கைப் போட்டால் அடிக்கண்ணாடி குறுக்காகப் பிளந்து, கூடமெங்கும் நீரும் துடிக்கும் மீன்களும்! வழக்கமாக அந்தத் தொட்டியின் கீழ்தான் பாய் விரித்துப் படுப்பான் வீட்டுச் சிறுவன். அன்றிரவு அவன் நன்னியின் வீட்டுக்குப் போயிருந்தான். அல்ஹம்துலில்லாஹ்!

நீரின் எடை

இதில் நாம் மறப்பது நீரின் எடையை. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. ஒரு கன அடியில் ஏறத்தாழ 28 லிட்டர் அடங்கும். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் கொண்ட தொட்டி 24 கன அடி. அதாவது 680 லிட்டர் நீர். நம் சாலைகளில் ஓடிய பழைய மாருதி 800 காரின் எடையே 650 கிலோ அளவுதான்! 12 மில்லிமீட்டர் கண்ணாடியின் எடை 120 கிலோ. மணலும் கற்களும் வேறு. ஸ்டாண்டையும் சேர்த்தால் மொத்தம் 900 கிலோவை நெருங்குகிறது. இவ்வளவும் நம் குழந்தைகள் ஓடியாடும் இடத்தில், அவர்கள் தலைக்குமேல் நிற்கிறது.

முற்காலத் தொட்டிகள் இரும்புச் சட்டத்தில் கண்ணாடியைப் பதித்துப் பூசியவை. சட்டமே வலிமை தந்தது. சிலிக்கோன் பசை வந்தபின் சட்டமில்லாத முழுக்கண்ணாடித் தொட்டிகள் பரவின. பார்வைக்கு அவை அழகு. ஆனால் கண்ணாடி வளையாது, முறுகவும் முறுகாது. அடியில் உள்ள ஸ்டாண்டு ஓரிடத்தில் தாழ்ந்தாலும் அழுத்தம் ஒரு புள்ளியில் குவிந்து அடிக்கண்ணாடி பிளக்கும். ஆகவே இக்காலத் தொட்டிக்கு ஸ்டாண்டு வெறும் மேசையன்று. தொட்டியின் ஓர் உறுப்பு.

கம்பெனி ஸ்டாண்டு

இதன் நன்மைகளை மறுப்பதற்கில்லை. தொட்டியின் அளவுக்கு அச்சுப்போலப் பொருந்தும், மேற்பரப்பு சமமாக இருக்கும், பொருத்த எளிது, வடிகட்டியையும் கம்பிகளையும் மறைக்கக் கதவு இருக்கும். தம் ஸ்டாண்டில் வைத்தால்தான் தொட்டிக்கு உத்தரவாதம் எனக் கூறும் நிறுவனங்களும் உண்டு. வாங்குமுன் அந்தத் தாளை வாசித்துவிடுங்கள்.

குறை எங்கே? மலிவான பலவும் மரத்தூள் பலகையில் செய்யப்படுகின்றன. அறுத்த ஓரங்களை மூடாவிட்டால் அவை நீரை உறிஞ்சி உப்பும். ஒருமுறை உப்பினால் பழைய வலிமை திரும்பாது. அத்துடன், வழக்கமான அளவுகளுக்கே அவை கிடைக்கும்.

பெரிய பெயர் மட்டுமே காவல் என்றும் எண்ண வேண்டாம். பெர்லின் நகர ஹோட்டல் ஒன்றில் உலகப் புகழுடன் நின்ற அக்வாடோம் என்ற உருளைத் தொட்டி, 2022 டிசம்பர் 16 அதிகாலையில் வெடித்தது. 10 லட்சம் லிட்டர் நீர் தெருவரை பாய்ந்தது. ஏறத்தாழ 1,500 மீன்களில் மிகப் பெரும்பாலானவை மடிந்தன. யார் கட்டினார் என்று கேட்பதோடு, எப்படி நிற்கிறது என்பதையும் நாம் இடைவிடாது கவனிக்க வேண்டும்.

பட்டறை ஸ்டாண்டு

1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா அவர்கள் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார்கள். நூற்பாலைகள் பெருகிய ஊரில் கடைசலும் வெல்டிங்கும் அறிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. நண்பரும் நானும் ஒரு பட்டறைக்குச் சென்றோம்.

அங்கே கற்றதைச் சொல்கிறேன். ஆறடித் தொட்டிக்கு நான்கு கால் போதாது. நடுவில் இரண்டு சேர்த்து ஆறு கால் வேண்டும். ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய், 2 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமனில் இருக்கட்டும். மேற்சட்டம் கால்களின் தலைமீது அமர வேண்டும். காலின் பக்கத்தில் ஒட்டித் தொங்கக் கூடாது. அமர்ந்தால் பாரத்தை இரும்பு சுமக்கும்; தொங்கினால் பற்றவைத்த இணைப்பு சுமக்கும். பின்புறம் குறுக்குச் சட்டம் போட்டால் பக்கவாட்டில் ஆடாது. குழாயின் திறந்த வாய்களை அடைத்து, பற்றவைத்த இடங்களைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசிய பிறகே வண்ணம் அடிக்க வேண்டும். இல்லையேல் துரு உள்ளிருந்து தின்னும். மேலே பரப்பும் ஒட்டுப்பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நீரைத் தாங்கும் மரைன் வகைக்குரியது அது.

பட்டறை வேலைக்கும் குறை உண்டு. வெல்டிங்கின் சூட்டில் சட்டம் முறுகும். எங்கள் ஸ்டாண்டு வந்த அன்று ரசமட்டம் வைத்தோம். ஒரு கால் கட்டைவிரல் நகத்தளவு தூக்கி நின்றது. கண்ணுக்குத் தெரியவில்லை; ரசமட்டத்துக்குத் தெரிந்தது. பட்டறைக்காரர் முகம் சுளிக்கவில்லை. "அண்ணாச்சி, தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி பார்த்தீங்களே, அது போதும்" என்று எடுத்துச் சென்று மறுநாள் சரிசெய்து தந்தார். ரஹ்மான் அத்தியாயம் துலாக்கோலையும் சமநிலையையும் வலியுறுத்துவதை ஓதும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்தக் கால் நினைவுக்கு வருகிறது.

தரையில் சிறு மேடுபள்ளம் இருந்தால், கால்களின் அடியில் உலோகத் தகடு வையுங்கள். கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே ஆப்பு செருகாதீர்கள். சட்டமில்லாத தொட்டியின் அடியில் அரையங்குலத் தெர்மகோல் முழுவதும் பரப்புங்கள். அடியில் பிளாஸ்டிக் விளிம்பு உள்ள தொட்டிக்கு, செய்தவர் சொன்னாலன்றி அது வேண்டாம்.

மாடியில் வைக்கலாமா?

வீட்டு அறைத் தளங்கள் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவு பாரத்தைக் கணக்கிட்டுக் கட்டப்பட வேண்டும் என்பது இந்தியத் தர விதி. நம் ஆறடித் தொட்டியோ, தான் நிற்கும் இடத்தில் அதைப்போல் நான்கு மடங்கு அழுத்துகிறது. அந்த விதி அறை முழுவதற்கும் உரியதாகையால் உடனே தளம் இடியும் என்பதில்லை. ஆயினும் பெரிய தொட்டிக்குத் தரைத்தளமே சிறந்தது. மாடியில்தான் வைக்க வேண்டுமெனில், பொறியாளரைக் கேட்டு, உத்திரத்தின்மேல், சுவரை ஒட்டி வையுங்கள்.

என் முடிவு

வழக்கமான அளவில் நான்கடி வரையுள்ள தொட்டிக்கு, அதே நிறுவனத்தின் ஸ்டாண்டு தக்கது. ஆனால் அது எந்தப் பலகை என்று கேளுங்கள், தரை ஈரம் எட்டாதபடி கால் உயர்த்தியதாகப் பாருங்கள். அதற்கு மேற்பட்டதற்கும், அளவு மாறுபட்டதற்கும் பட்டறையே நல்லது. வரைபடத்தையும் குழாயின் தடிமனையும் தாளில் எழுதி ஒப்புக்கொண்ட பின் வேலை தொடங்கட்டும். கூலியில் பேரம் பேசி நடுக்காலை இழந்துவிடாதீர்கள். கண்ணில் படாத இரும்புக்குக் கொடுக்கும் காசு வீண்விரயம் ஆகாது. பகட்டுக்காகப் பலகைமேல் ஒட்டும் தாளுக்குக் கொடுப்பதே விரயம்.

எந்த ஸ்டாண்டாயினும், மீன் விடுமுன் மூன்று நாட்களில் மூன்று பங்காக நீர் நிரப்பி, ஒவ்வொரு முறையும் ரசமட்டம் பாருங்கள். பிறகும் மாதம் ஒருமுறை குனிந்து அடிப்புறத்தைப் பாருங்கள். கதவு மூடாவிட்டால் ஆசாரியை அழைக்குமுன் நீரை இறையுங்கள். தொட்டியின் கீழே பாய் விரிக்க விடாதீர்கள்.

ராஜபாளையத்து நண்பரின் தொட்டி இன்று அசையாமல் நிற்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சிறுவனும் அங்கே வந்து மீன் பார்க்கிறான். ஆனால் முதலில் குனிந்து கால்களைத்தான் எண்ணுகிறான். பெரியவர்கள் நாம் அன்று செய்யத் தவறியதை அவன் செய்கிறான்.

நம் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட உயிர்களையும், நம் மழலைகளையும் பேணிக் காக்கும் கவனத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.