ரயில் தின்றது போக மீதி!

லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையத்தில் இறங்கி, பரோ ஹை ஸ்ட்ரீட்டில் தெற்கே பொடிநடையாகப் போனால் இடது கைப் பக்கம் சந்து சந்தாக வரும். அவசரக்காரர்கள் கோட்டை விட்டுவிடுவார்கள். அதில் ஒரு சந்துக்குள் எட்டிப் பார்த்தால்... அட! பெரிய முற்றம். வலது பக்கம், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டடுக்கு மர வராந்தாவோடு ஒரு பழைய கட்டடம். 1677-ல் கட்டியது. பெயர் 'ஜார்ஜ் இன்'.

'இன்' என்றால் சத்திரம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். பாதிதான் சரி. சத்திரத்துச் சோறு தர்மம். இங்கே காசை எடுத்து வைத்தால்தான் கட்டில், சாப்பாடு, குதிரைக்குப் புல், வண்டிக்காரனுக்கு பீர் எல்லாம். சுத்த வியாபாரம்!

அதுவும் நல்ல இடம் பார்த்து விரித்த கடை. 1750-ல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கும்வரை, நகரத்துக்குள் நுழைய லண்டன் பாலம்தான் கதி. கென்ட், சஸ்ஸெக்ஸ் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளெல்லாம் இந்தத் தெருவில் வந்துதான் முட்ட வேண்டும். ஆகவே வரிசையாக விடுதிகள். கிங்ஸ் ஹெட், ஒயிட் ஹார்ட், ஜார்ஜ், டபார்ட், குவீன்ஸ் ஹெட்! சாஸரின் கான்டர்பரி யாத்ரீகர்கள் கூடிக் கிளம்பியது டபார்டிலிருந்துதான். குவீன்ஸ் ஹெட், அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தாரே ஜான் ஹார்வர்டு, அவருடைய குடும்பச் சொத்து. பீர் விற்ற காசு எங்கெல்லாம் போய்ச் சேருகிறது பாருங்கள்!

ஜார்ஜுக்குள் நுழைந்ததும் எனக்கு ஒரு சந்தேகம். கூட வந்த அத்தானிடம் கேட்டேன்.

"அத்தான், நான் இன்னும் ஒண்ணுமே குடிக்கலை. ஏன் தரை சாயுது?"

"உனக்கு மட்டுமில்லை மாப்ளே, எல்லாருக்கும் சாயுது. ரெண்டு ரவுண்டு போனா நேராயிடும்!"

காரணம் மரம். அந்தக் காலத்து இங்கிலாந்துத் தச்சர்கள் ஓக் மரத்தைக் காயப் போடுவதில்லை, பச்சையாகவே அறுத்துவிடுவார்கள். காய்ந்த ஓக்கில் உளி இறங்காது. ஒரு கட்டையில் துளை, இன்னொன்றில் நாக்கு; செருகி, குறுக்கே ஒரு மர முளை அடித்தால் முடிந்தது, இரும்பு ஆணிக்கு வேலையில்லை. சட்டங்களைத் தச்சுப் பட்டறையிலேயே பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு மூட்டிலும் ரோமன் எண் செதுக்கி, பிரித்து வண்டியில் ஏற்றி வந்து மனையில் நிறுத்துவார்கள். சட்டங்களுக்கு நடுவே குச்சியைப் பின்னி, மண்ணும் சாணியும் வைக்கோலும் குழைத்து அப்புவதும் உண்டு. செங்கல் அடைப்பதும் உண்டு. அப்புறம் அந்தப் பச்சை மரம் வருஷக்கணக்கில் காயும். முறுக்கும், வளையும், சாயும். ஆனால் மூட்டு மட்டும் இறுகிக்கொண்டே போகும். கோணலாகத் தெரிவதெல்லாம் விழப் போகிறது என்று அர்த்தமில்லை.

மர வராந்தா அழகுக்காக வைத்ததில்லை. அறைகளுக்குப் போகும் நடை அதுதான். நடையை வெளியே தள்ளிவிட்டால், உள்ளே அத்தனையும் வாடகைக்கு விடலாமே! அந்தக் காலத்தில் இம்மாதிரி விடுதி முற்றங்களில் நாடகமும் போட்டார்கள். வராந்தாதான் பால்கனி டிக்கெட். 'அப்படியானால் ஷேக்ஸ்பியர் இங்கே...?' என்று ஆரம்பிக்காதீர்கள். மனிதர் 1616-லேயே காலமாகிவிட்டார். இதற்கு முன் இதே இடத்தில் நின்ற பழைய ஜார்ஜை வேண்டுமானால் பார்த்திருக்கலாம். அது 1676-ல் ஸதக்கையே விழுங்கிய தீயில் போயிற்று. மறு வருஷமே புதிது எழும்பிவிட்டது. வியாபாரம் காத்திருக்குமா!

டிக்கன்ஸ் விஷயத்தில் தகராறே இல்லை. 1824-ல் அவருடைய அப்பாவைக் கடனுக்காக அடைத்த மார்ஷல்ஸி சிறை இதே தெருவில்தான் இருந்தது. பையனுக்கு அப்போது 12 வயது. பின்னாளில் எழுதிய 'லிட்டில் டோரிட்' நாவலில் ஜார்ஜின் பெயர் வருகிறது.

தீக்குத் தப்பி எழுந்த விடுதிக்கு எமன் ரயில் ரூபத்தில் வந்தான். 1836-ல் கூப்பிடு தூரத்தில் லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷன். குதிரை வண்டிக்கு யார் காத்திருப்பார்கள்? விடுதிகள் ஈயோட்டின. டபார்டை 1873-ல் இடித்தார்கள். 1889-ல் ஒயிட் ஹார்ட் போயிற்று. அதே வருஷம், ஜார்ஜை வாங்கி வைத்திருந்த கிரேட் நார்தர்ன் ரயில்வே, முற்றத்தைச் சுற்றி நின்ற மூன்று பக்கத்தில் இரண்டை இடித்துத் தள்ளியது. எதற்கு? சரக்கு கிடங்குக்கு!

நானும் பி.காம். படித்தவன். அந்த ரயில்வே கணக்குப்பிள்ளையைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வருமானமில்லாத குதிரைலாயம் ஒரு பக்கம், வாடகை மிச்சமாகும் கிடங்கு மறு பக்கம். தேய்மானம் கழித்துப் பார்த்தால் யாரும் அந்தக் கையெழுத்தைத்தான் போட்டிருப்பார்கள். 'மறுபடி கட்ட முடியாது' என்பதை எந்தக் காலத்தில் பதிவது? லெட்ஜரில் அதற்கு இடமே கிடையாதே!

வேடிக்கை என்னவென்றால், மிச்சமிருந்த ஒரு பக்கத்தைக் காப்பாற்றியதும் ரயில்வேதான். அந்தக் கம்பெனியைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே, 1937-ல் ஜார்ஜை நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கே கொடுத்துவிட்டது. மாடி வராந்தாவோடு லண்டனில் மிஞ்சிய வண்டி விடுதி இது ஒன்றுதான்.

பாரில் ஒரு பெரிய சுவர்க் கடிகாரம். 'பார்லிமென்ட் கடிகாரம்' என்கிறார்கள். 1797-ல் பிரதமர் பிட், கடிகாரத்துக்கு 5 ஷில்லிங், தங்கப் பாக்கெட் கடியாரத்துக்கு 10 ஷில்லிங் என்று வருஷ வரி போட்டார். ஜனங்கள் கடிகாரம் வாங்குவதையே நிறுத்திவிட, மறு வருஷமே வரி ரத்து. அதற்குள், மணி பார்க்க வருகிறவன் ஒரு கிளாஸாவது குடிக்காமலா போவான் என்று விடுதிக்காரர்கள் பெரிய கடிகாரமாக மாட்டினார்களாம். இந்த ரகக் கடிகாரம் வரிக்கு முன்பே இருந்தது என்று விவரமானவர்கள் மறுக்கிறார்கள். அத்தானிடம் சொன்னேன்.

"எப்ப மாட்டினா என்ன மாப்ளே? நாம மணி பார்த்தாச்சு" என்றவர், கவுண்டரைப் பார்த்து நடந்தார்.